மோஜோ என்றொரு பொட்டலம்

போன மார்ச்சில் ஒரு சமையல் போட்டி நிகழ்ச்சிக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஏழாவது எபிசோட். அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி. அதுவரை எல்லாச் சுற்றிலும் முதலில் நின்றவர். ஓவனுக்குள் எட்டிப் பார்க்கிறார், ரொட்டி உப்பவில்லை. கதவைச் சாத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொள்கிறார். கேமராவைப் பார்க்காமல், தன் மோஜோ எங்கே போனதென்றே தெரியவில்லை என்கிறார். தொட்டதைத் துலங்கவைக்கிற ஏதோ ஒரு உள்சக்திக்கு இன்றைய ஆங்கிலத்தில் மோஜோ என்று பெயர்.

இரண்டு நொடிதான். ஆனால் எங்கள் தொழிலில் இரண்டு நொடி என்பது தனி நரகம். எங்கள் கணக்கில் வரிக்கு 42 எழுத்து. வரி மறைவதற்குள் ஆள் படித்து முடித்திருக்க வேண்டும். விளக்கம் சொல்ல இடமே கிடையாது.

'மவுசு போச்சு' என்று போட்டுப் பார்த்தேன். மவுசு என்றால் ஊர் தருகிற மதிப்பு. இந்த அம்மாவுக்குப் போனது அதுவல்ல. 'கெத்து' என்றால் காலரைத் தூக்கிவிட வேண்டும். உப்பாத ரொட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 'வசியம்' என்று போட்டால் பக்கத்து மேசைக்காரர் மேல் சந்தேகம் வந்துவிடும். 'ராசி' கொஞ்சம் பக்கத்தில் வந்தது. 'கைராசி' இன்னும் பக்கத்தில். ஆனால் கைராசி அடுத்தவர்கள் தருகிற பட்டம். டாக்டருக்குக் கைராசி உண்டு என்பதை அவருடைய கிளினிக் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் சொல்வார்கள். டாக்டரே வெளியே வந்து "என் கைராசி போயிடுச்சு" என்றால் அடுத்த டோக்கன்காரர் எழுந்து நடையைக் கட்டிவிடுவார். மோஜோவோ தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. இருக்கிறது என்றாலும் தன் வாயாலேயே, போச்சு என்றாலும் தன் வாயாலேயே.

அந்த வரிக்கு மஞ்சள் அடித்துவிட்டு, இரவு பதினோரு மணிக்கு அகராதியைத் திறந்தேன். செய்த தப்பு அதுதான். அடுத்த மூன்று வாரம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகூட மோஜோவைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது: மோஜோ என்பது குணம் அல்ல, ஒரு பை. கைக்குள் அடங்குகிற துணிப் பொட்டலம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் அவர்களின் பிள்ளைகளும் வளர்த்தெடுத்த வேர்-மந்திரக் கலைக்கு ஹூடூ என்று பெயர். வூடூ வேறு, ஹூடூ வேறு. வூடூவில் தெய்வங்கள் உண்டு, பூசாரிகள் உண்டு, அது மதம். ஹூடூ செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள், பைபிளின் சங்கீதங்களையே மந்திரமாக ஓதுகிறவர்கள். அந்தக் கலையின் கையடக்கச் சரக்குதான் மோஜோ. சதுரமாக வெட்டிய ஃபிளானல் துணி, பெரும்பாலும் சிவப்பு. உள்ளே ஒரு வேர், ஒரு துண்டு காந்தக்கல், ஒரு வெள்ளிக் காசு, காரியத்தைப் பொறுத்துக் கல்லறை மண்ணோ யாரோ ஒருவரின் தலைமுடியோ. முடிச்சுப் போட்டுக் கட்டினால் வேலை முடிந்துவிடாது. அதற்குச் 'சாப்பாடு' போட வேண்டும்: அவ்வப்போது சில சொட்டு விஸ்கியோ வாசனைத் தைலமோ. பட்டினி போட்டால் செத்துப்போகும். நல்ல மோஜோவுக்கு உயிர் உண்டு என்பது அவர்கள் கணக்கு.

உயிர் உள்ளது என்பதால் அதற்குக் கூச்சமும் உண்டு. யார் கண்ணிலும் படக் கூடாது. ஆண்கள் சட்டைக்குள்ளோ கால்சட்டைப் பையிலோ வைத்துக்கொள்வார்கள். பெண்கள் பாவாடைக்குள் இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். வேறொருவர் தொட்டால் தீர்ந்தது. பிரித்துப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு இன்னொரு பெயர் 'ஹாண்ட்', அதாவது கை. 'மோஜோ ஹாண்ட்' என்று சேர்த்தும் சொல்வார்கள். கைராசி என்று நான் எழுதிக் கிழித்த காகிதம் குப்பைக் கூடையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பது எனக்குச் சொந்த அனுபவத்திலேயே தெரியும்.

எட்டு வயதில் எனக்குத் தூக்கத்தில் எழுந்து நடக்கும் பழக்கம் இருந்தது. ஒருநாள் விடியற்காலை கிணற்றடியில் நின்றிருந்தேனாம். அப்பாயி அன்றே தலைவாரிவிட்டு நாகூருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். தர்காவில் ஒரு சாயபு மயிலிறகால் தலையிலிருந்து கால்வரை தடவி, ஓதி ஊதி, சின்ன வெள்ளிக் குப்பி ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிவிட்டார். சுண்டுவிரலில் பாதி நீளம். வாய் அரக்கால் மூடியிருந்தது. "குளிக்கிறப்பகூட அவுக்கக் கூடாது தம்பி" என்றார். மூன்று மாதம் நான் எங்கேயும் நடக்கவில்லை. மூன்று மாதமும் அதற்குள் என்ன இருக்கிறது என்ற நினைப்பைத் தவிர வேறு நினைப்பும் இல்லை. ஒரு மத்தியானம் எருக்குழிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊக்கால் அரக்கைக் குடைந்தேன். சுருட்டிய காகிதம் வந்தது. பிரித்தால், கட்டம் கட்டமாகக் கோடு, கட்டத்துக்கு ஒன்றாக ஏதோ எழுத்து. அவை அரபி எண்கள் என்பது பிறகு தெரிந்தது. அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

அப்பாயி அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்தாள், குப்பியை வாங்கிப் பார்த்தாள். "பிரிச்சுட்டியாடா? இனிமே அது வெறும் வெள்ளி. தட்டான்கிட்ட போட்டா எடைக்கு ஏதாச்சும் தருவான்" என்று சொல்லிவிட்டு நெல் புடைக்கப் போய்விட்டாள். அன்று இரவு நான் தூங்கவே இல்லை. தூங்காததால் நடக்கவும் இல்லை.

இந்தத் தாயத்துக்கும் அந்த மோஜோவுக்கும் ஏதோ மனம்போன போக்கில் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உண்மையான முடிச்சு ஒன்று இருக்கிறது. தாயத்து என்பதைத் 'தாய் + அத்து' என்று பிரித்து, தொப்புள்கொடியை உலர்த்திக் குப்பியில் அடைத்த பழக்கத்திலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை வருகிறது. கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சொல் அரபியின் 'தஅவீத்', உருதுவின் 'தாவீஸ்' வழியாக நம்மிடம் வந்தது. இறைவனிடம் பாதுகாப்புத் தேடுதல் என்று பொருள். அதே அரபி எழுத்துத் தாயத்து சகாராவைத் தாண்டி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போயிருந்தது. அங்கே அதைத் தோல் பையில் வைத்துத் தைத்துக் கழுத்திலும் கையிலும் கட்டிக்கொள்வார்கள். முஸ்லிம்கள் எழுதித் தருவார்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நாகூர் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

முங்கோ பார்க் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1796-இல் நைஜர் ஆற்றங்கரையோரம் கந்தலும் பசியுமாக நடந்துகொண்டிருந்தார். கூலிகோரோ என்ற ஊரில் அவரைத் தங்கவைத்த வீட்டுக்காரர் உப்பு, துணி வியாபாரி. நீ எனக்கு ஒரு தாயத்து எழுதிக் கொடு, கெட்ட மனிதர்களிடமிருந்து என்னைக் காக்கட்டும், ராத்திரிக்கு உனக்குச் சோறு ஆக்கிப் போடுகிறேன் என்றார். வெள்ளைக்காரன் எழுதினால் சக்தி கூடுதலாக இருக்கும் என்று நம்பிக்கை. பார்க், எழுதும் பலகையின் இரண்டு பக்கமும் நிரப்பிக் கொடுத்தார். வீட்டுக்காரர் அந்த எழுத்தைத் தண்ணீர் விட்டுச் சுரைக்குடுவையில் கழுவி இறக்கி, பிரார்த்தனை சொல்லி, மடக்கென்று குடித்தார். ஓர் எழுத்தும் வீணாகக் கூடாதென்று பலகையையும் நக்கிக் காயவைத்தார். பார்க் தன் புத்தகத்தில் இதைக் கொஞ்சம் கேலியாகத்தான் எழுதுகிறார். எனக்குக் கேலி தோன்றவில்லை. பீங்கான் தட்டில் எழுதிக் கரைத்துக் குடிக்கக் கொடுத்ததை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

அந்த மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும், அதற்குத் தெற்கே காங்கோ பக்கமிருந்தும்தான் மனிதர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். பொட்டலம் கட்டும் கை அவர்களோடு போனது.

சரி, 'மோஜோ' என்ற ஒலி எங்கிருந்து வந்தது? அகராதிகள் கணக்கில் அச்சில் அது முதலில் தென்படுவது 1926-இல், நியூபெல் நைல்ஸ் பக்கெட் என்ற வெள்ளை ஆய்வாளர் தென்மாநிலக் கறுப்பின மக்களின் நம்பிக்கைகளைப் பற்றி எழுதிய தடித்த புத்தகத்தில். மிசிசிப்பிக்காரர்கள் தாயத்தையும் மந்திரத்தையும் மோஜோ என்கிறார்கள், 'மோஜோ வைத்திருக்கிறான்', 'ஒருவன் மேல் மோஜோ வேலை செய்கிறான்' என்று பேசுகிறார்கள் என்று குறிக்கிறார். கவனியுங்கள்: அப்போதே 'வேலை' என்ற வினை கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1926 என்பது எவ்வளவு தாமதம்! ஆனால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தென் கரோலினாவில் 1740-லேயே அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது சட்டப்படி குற்றம். எழுத்து மறுக்கப்பட்டவர்களின் சொல், அதுவும் அடுத்தவர் கண்ணில் காட்டவே கூடாத பொருளின் பெயர், எப்படி சீக்கிரம் அச்சேறும்?

அகராதிகள் பலவும் கை காட்டுவது கல்லா மொழியை. (நம்மூர் கல்லாப்பெட்டி அல்ல.) தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரைத் தீவுகளில் நெல் வயல்களில் வேலை செய்ய இறக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பேசுவது. அதில் 'மோச்சோ' என்றால் சூனியம், மந்திரம். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலா மொழியில் ஏறக்குறைய அதே ஒலியில் வருகிற சொல்லுக்கு மருந்து தருகிறவன், வைத்தியன் என்று பொருள். கல்லா என்பது பிழையாகப் பேசப்பட்ட ஆங்கிலம், அவ்வளவுதான் என்று வெள்ளைப் பேராசிரியர்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், லொரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் 1930-களில் அந்தத் தீவுகளுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்தார். 1949-இல் அவர் வெளியிட்ட நூல் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்களை அந்த மொழியிலிருந்து எடுத்துக் காட்டியது. அதற்குப் பிறகு அந்தப் பேராசிரியர்கள் பேச்சு எடுபடவில்லை.

இன்னொரு கட்சியும் உண்டு. காங்கோ மக்களின் 'இன்கிசி' என்ற மந்திரப் பொதிக்குள் கல்லறை மண்ணும் வேரும் வைத்து, அதில் 'மூயோ' குடியேறுகிறது என்பார்கள். மூயோ என்றால் உயிர். அந்த மூயோதான் மோஜோவின் தாய் என்கிறார்கள் சிலர். யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஃபாரிஸ் தாம்சன் 1983-இல் எழுதிய நூலுக்குப் பிறகு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் மந்திரப் பைகளைக் காங்கோவோடு சேர்த்துப் பார்ப்பது வலுப்பெற்றது. என்னைக் கேட்டால், ஒலிக்கு ஃபுலாவும் பொருளுக்குக் காங்கோவும் என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவேன். சாப்பாடு போட்டால்தான் வேலை செய்யும் பையை வைத்தியனின் பெயர் மட்டும் விளக்கிவிடாது. உள்ளே ஓர் உயிர் இருக்க வேண்டும்.

ஆனால் சொல்லை விட்டுவிட்டுப் பொருளைத் தேடினால், அச்சில் இன்னும் பின்னால் போகலாம். அங்கேதான் நான் மூன்று வாரத்தையும் தொலைத்தேன்.

1834 ஆகஸ்ட். மேரிலாந்து. அடிமையாகப் பிறந்து, பின்னாளில் அடிமை ஒழிப்புக்காக எழுதியும் பேசியும் பேர்பெற்ற ஃபிரெட்ரிக் டக்ளஸுக்கு அப்போது பதினாறு வயதிருக்கும். எட்வர்ட் கோவி என்பவனிடம் அவரை ஒரு வருடத்துக்கு விட்டிருந்தார்கள். 'அடங்காத' அடிமைகளை அடித்து ஒடித்துத் தருவதில் பேர்போன ஆள் அவன். ஒருநாள் வெயிலில் மயங்கி விழுந்தவரைக் கோவி மண்டை உடைய அடிக்கிறான். டக்ளஸ் காட்டுக்குள் ஓடுகிறார். அங்கே சாண்டி ஜென்கின்ஸ் என்ற இன்னோர் அடிமை அவரைப் பார்க்கிறார், வீட்டுக்குக் கூட்டிப்போகிறார், ஒரு வேரைக் கொடுக்கிறார். இதை எப்போதும் வலது பக்கம் வைத்துக்கொள். எந்த வெள்ளைக்காரனும் உன்னைச் சாட்டையால் அடிக்க முடியாது. டக்ளஸுக்கு நம்பிக்கை இல்லை. பாக்கெட்டில் ஒரு வேரை வைத்துக்கொண்டால் அடி நிற்குமா என்று மறுக்கிறார். வைத்திருந்தால் உனக்கு என்ன நஷ்டம் என்கிறார் சாண்டி. அந்த மனிதரின் மனம் நோகக் கூடாதென்று வாங்கி வலது பக்கம் வைத்துக்கொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போனால், கோவி சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். சிரித்த முகமாகப் பேசுகிறான்! வேரில் ஏதோ இருக்கிறதோ என்று தனக்கே தோன்ற ஆரம்பித்ததாக டக்ளஸ் எழுதுகிறார். திங்கட்கிழமை விடிவதற்குள் அந்த வேர் முழுச் சோதனைக்கு வந்தது. தொழுவத்தில் கோவி கயிற்றோடு அவர் காலைப் பிடிக்கிறான். டக்ளஸ் அவன் கழுத்தைப் பிடிக்கிறார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சண்டை. அதன் பிறகு அங்கிருந்த ஆறு மாதமும் கோவி அவர் மேல் ஒரு விரல் வைக்கவில்லை.

இதை 1845-இல் தன் வாழ்க்கைக் கதையில் எழுதும்போது டக்ளஸ், எதிர்த்து நின்றதால்தான் தான் மனிதனானேன் என்கிறார். சாண்டியோ, பின்னாளில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அது தன் வேர் செய்த வேலை என்று சாதித்தாராம். இருவரில் யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். சாண்டி கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

வேர் எப்போதும் இப்படிக் கைகொடுத்துவிடவும் இல்லை. கென்டக்கியில் அடிமையாக இருந்து தப்பிய ஹென்றி பிப் 1849-இல் எழுதிய தன் கதையில், மந்திரக்காரர்களிடம் தான் ஏமாந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அடி விழாமலிருக்க ஒருவர் பொடி கொடுத்தார். அதை நம்பி எஜமானிடம் வாயாடப் போய் நன்றாக வாங்கினார். இன்னொருவர் சொன்னபடி, மாட்டுச் சாணத்தில் மிளகாயும் வெள்ளைக்காரர் முடியும் சேர்த்து வறுத்துப் பொடித்து எஜமானின் படுக்கையறையிலும் தொப்பியிலும் தூவினார். மனதில் அன்பு சுரக்கும் என்று வாக்கு. எஜமானுக்குத் தும்மல்தான் சுரந்தது. பெண்களை வசியம் செய்யக் காய்ந்த தவளை எலும்பு. விரும்பிய பெண்ணின் தோலில் அதனால் கீற வேண்டும். வேறொருவனோடு பேசிக்கொண்டு போன ஒரு பெண்ணின் கழுத்தில் போய்க் கீறிவிட்டார் மனிதர். அவள் துள்ளிக் குதித்துத் திட்டியதை அவரே எழுதியிருக்கிறார். அடுத்ததாக, அவள் தலைமுடியைப் பிடுங்கிச் செருப்புக்குள் வைத்துப் பார்த்தார். அதன் கதியும் அதேதான்.

இப்படிச் சொதப்புவதும் இந்த மரபின் பகுதிதான் என்று தோன்றுகிறது. புளூஸ் என்ற கறுப்பினப் பாட்டு வகைக்கு வந்தால் அது இன்னும் தெளிவாகிறது.

1920-களில் கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்ததும் மோஜோ வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் 1928-இல் பாடிய ஒரு பாட்டில் காதலி மோஜோவை ஒளித்து வைக்கப் பார்க்கிறாள், ஆண் அதைத் தேடுகிறான். இரட்டை அர்த்தம்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் ஒளித்துவைக்கிற பொருள் என்ற பிடி விட்டுப்போகவில்லை. பிறகு தெற்கிலிருந்து வடக்கின் ஆலை நகரங்களுக்குப் பெரும் குடிபெயர்வு. மட்டி வாட்டர்ஸ் என்ற புளூஸ் பாடகர் 1943-இல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்கு ரயிலேறினார். மோஜோவும் ரயிலேறியது. வேர்க்காரர் ஊரில் தங்கிவிட்டார். அவர் இடத்துக்குத் தபால் கம்பெனிகள் வந்தன. மெம்ஃபிஸிலும் சிகாகோவிலும் இருந்துகொண்டு கறுப்பினப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, முகப்பவுடரோடும் தலைமுடித் தைலத்தோடும் காந்தக்கல்லையும் அதிர்ஷ்ட வேரையும் விற்றார்கள். தபால் மோசடிச் சட்டம் கழுத்தைப் பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு சரக்கின் மேலும் 'என்று சொல்லப்படுகிற' என்று ஒரு வார்த்தை. அதிர்ஷ்ட எண்ணெய் என்று சொல்லப்படுகிற எண்ணெய். நம்மூர் ராசிக்கல் விளம்பரத்துக்கு இந்தக் கூச்சம்கூடக் கிடையாது.

அந்த வேர்களில் ராஜா, 'ஹை ஜான் தி கான்கரர்'. எஜமானை ஒவ்வொரு முறையும் புத்தியால் வெல்கிற கதைநாயகன் ஜானின் பெயர் அதற்கு. மெக்சிகோவிலிருந்து வரும் ஜலாப் கிழங்கு அது. நம் சர்க்கரைவள்ளிக்குச் சொந்தக்காரன், ஒரே பேரினம். ஆசையாக இருக்கிறதே என்று தின்றுவிடக் கூடாது, கடுமையான பேதி மருந்து. காய்ந்தால் அதன் உருண்டை வடிவம் ஆண்களுக்கு எதை நினைவூட்டும் என்பதை நான் எழுதப்போவதில்லை. மோஜோ என்றாலே படுக்கையறைப் பேச்சு என்று பின்னாளில் ஆனதில் இந்தக் கிழங்குக்கும் பங்கு இருக்கலாம்.

மோஜோவை உலகம் முழுக்கக் கொண்டுபோன பாட்டு 1957-இல் வெளியானது. எழுதியவர் பிரஸ்டன் ஃபாஸ்டர். முதலில் பதிவு செய்தவர் ஆன் கோல் என்ற பாடகி. சுற்றுப்பயணத்தில் அவர் பாடக் கேட்டு, சொற்களைக் கொஞ்சம் மாற்றி, மட்டி வாட்டர்ஸ் தானும் பதிவு செய்துவிட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளிவந்து வழக்கானது. இன்றுவரை ஊரறிந்தது மட்டியின் குரல்தான். அந்தப் பாட்டைத் துள்ளலான வெற்றிப் பாட்டாகத்தான் எல்லோரும் போட்டு ஆடுகிறார்கள். வார்த்தையைக் கேட்டால் வேறு கதை. என் மோஜோ நன்றாகத்தான் வேலை செய்கிறது. உன்னிடம் மட்டும்தான் பலிக்கவில்லை என்கிறான் அவன். ஹென்றி பிப்பின் தவளை எலும்பேதான்!

இந்தப் பாட்டின் உரிமையைக் கேட்டு வேறொருவர் தொடுத்த வழக்கில், 1973-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மோஜோ என்பது அமெரிக்க மக்களில் பெரும் பகுதியினரின் பேச்சில் ஊறிய சொல். மோஜோ வேலை செய்கிறது, செய்யவில்லை என்பதைத் தன் சொந்தக் கற்பனை என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பது அதன் சாரம். தீர்ப்புகளில் நான் படித்த சொல்லாராய்ச்சிகளில் இது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

ஊருக்குப் பொதுவென்று நீதிமன்றம் சொல்வதற்கு முன்பே ஊர் எடுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. இங்கிருந்து கதை வேகமாகச் சரிகிறது. போதைக்காரர்கள் மார்ஃபினுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். ராக் பாடகர் ஜிம் மாரிசன் தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு 'மிஸ்டர் மோஜோ ரைசின்' ஆனார், 1971-இல். லண்டனில் 1993-இல் அந்தப் பெயரில் ஓர் இசைப் பத்திரிகை வந்தது. 1999-இல் ஆஸ்டின் பவர்ஸ் வரிசையின் இரண்டாவது படத்தில் கதாநாயகனின் மோஜோவை வில்லன் ஆட்கள் திரவமாக உறிஞ்சித் திருடிக்கொண்டு போகிறார்கள். அந்தப் படத்துக்குப் பிறகுதான் இந்தச் சொல் நம் காதிலெல்லாம் விழுந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கூத்தில்கூட மோஜோ திருட முடிகிற ஒரு பொருளாகத்தான் இருந்தது. இன்று கிரிக்கெட் வர்ணனையாளர் பேட்ஸ்மேனுக்கு மோஜோ திரும்பிவிட்டது என்கிறார். கையடக்க போனில் செய்தி எடுக்கும் நிருபர்களுக்கு நியூஸ் ரூமில் மோஜோ என்று பெயர். அது வேறு சுருக்கம். 2023-இல் ஒரு கணினி நிரல்மொழிக்கும் அந்தப் பெயர் வைத்தார்கள். கியூபா சாப்பாட்டுக் கடையில் 'மோஹோ' என்று கொடுக்கும் பூண்டுச் சாறுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, அது ஸ்பானியர்களின் தனிச் சொல்.

மந்திரச் சொற்களுக்கே இந்தத் தலையெழுத்துதான் போலிருக்கிறது. 'கிளாமர்' என்பது 'கிராமர்' என்ற சொல்லை ஸ்காட்லாந்துக்காரர்கள் திரித்து உச்சரித்தது. எழுத்துப் படித்தவனுக்கு மந்திரமும் தெரியும் என்று ஊர் நம்பிய காலத்தில் அதற்குக் கண்கட்டு வித்தை என்று பொருள். இலக்கணம் மந்திரமாகி, மந்திரம் கவர்ச்சியாகி, கவர்ச்சி நம்மூர் சினிமாச் செய்திகளில் துணியின் நீளம் பற்றிய பேச்சாகிவிட்டது. ஆளை மயக்கும் வசீகரத்துக்கு அண்ணன் மகள் 'ரிஸ்' என்கிறாள், 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. 'கரிஸ்மா'வின் நடுத்துண்டாம். கரிஸ்மா என்றால் கிரேக்கத்தில் அருட்கொடை.

இத்தனையும் படித்த பிறகு அந்த ரொட்டிக்கார அம்மாவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இப்போது ஒன்று உறுத்தியது. பழைய மோஜோ தொலைந்தால் தேடலாம். யார் எடுத்திருப்பார்கள் என்று சந்தேகப்படலாம். சாப்பாடு போட மறந்ததை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம். வேர்க்காரரிடம் போய்ப் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டும் வரலாம். அதில் செய்து கொடுத்த கை ஒன்று இருந்தது. சாண்டி இருந்தார். இன்றைய மோஜோவில் சாண்டிக்கு இடமில்லை. எல்லாம் உனக்குள்ளேயே இருக்கிறது, போனாலும் உன்னோடு போச்சு. அதனால்தான் அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பழைய பொட்டலத்தைக் கொஞ்சமாவது வரிக்குள் வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். மஞ்சள் அடித்த இடத்தில் கடைசியில் இப்படி எழுதினேன்: "என்னமோ, கையே வர மாட்டேங்குது." நம் சமையலறைகளில் இப்படித்தான் சொல்வோம். கை வேறெங்கோ போயிருக்கிறது, நாளைக்கு வந்துவிடும் என்கிற தொனி அதில் உண்டு. எழுத்து எண்ணிக்கையும் அடங்கியது.

அனுப்பிய மறுநாள் சரிபார்க்கும் மேடத்திடமிருந்து குறிப்பு: "சார், மோஜோ எங்கே?"

"உள்ளேதான் இருக்கு மேடம். பிரிக்காதீங்க" என்று பதில் போட்டேன். ஒரு கட்டைவிரல் வந்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சி வெளியான அன்று ராத்திரி அந்த எபிசோடைப் போட்டேன். அம்மா ஓவன் கதவைச் சாத்தினார், தரையில் உட்கார்ந்தார். கீழே வந்த வரி: "என் மேஜிக் போயிடுச்சு."